எங்கள் வீட்டுக்கு மட்டும் மூக்கிரட்டை இல்லை

என் கைபேசியில் அவர் பெயர் 'பிளட் அண்ணா'. எங்கள் தெருவில் பாதிப் பேருடைய கைபேசியிலும் அப்படித்தான். மீதிப் பேர் 'லேப்' என்று மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு ஏழு வருடம் வந்து, என் கணவரின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர். அவருடைய உண்மைப் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளின் பெயரை இனிஷியலோடு ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்கிற கணக்கு டீச்சர் நான். இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவருக்கு வேலை. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். பின் சீட்டில் ஐஸ் பெட்டி, கால் வைக்கிற இடத்தில் ஒரு மஞ்சப்பை. பெட்டியில் ரத்தம், பையில் கீரை. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சட்டையை எப்போதும் உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். அவர் வாயில் 'நீங்க' வராது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரையும் 'நீ' என்றுதான் பேசுவார். ஆனால் பின்னால் ஒரு 'சார்' போட்டு ஈடுகட்டிவிடுவார். மேனேஜர் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். பிறகு அவரே வாசலில் காத்திருக்கத் தொடங்கினார்.

முதல் நாள் வந்தபோது அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. காம்பவுண்டு சுவரின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், மூக்கிரட்டை சோக்கா வந்து கீது. யாரு வெச்சது?"

யாரும் வைக்கவில்லை. அது களை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்த வருடம் எங்கள் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ரோஜாவும் செம்பருத்தியும் அழுகிப் போய், வண்டல் மண்ணைப் பிளந்துகொண்டு முதலில் வந்தது அந்தக் கொடிதான். தரையோடு தரையாகப் படரும். சிவந்த தண்டு, இலைக்கு அடியில் வெளிறிய நிறம். மூக்குத்திக் கல்லைவிடச் சின்னதாக, கருஞ்சிவப்பில் பூ. காய் பிசுபிசுவென்று புடவையில் ஒட்டிக்கொள்ளும். ஆள் வைத்துச் சுரண்டிப் போட வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது என்றால் நடக்காது என்று அர்த்தம். செடி பிழைத்தது.

அவரிடம் ஒரு முறை இருந்தது. என் கணவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், ஊசியை எடுத்த பிறகு ஐந்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். "கைய மடக்காத சார். அஞ்சி நிமிட்டு அமுக்கிக்கோ," என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி அதற்கான பையில் போட்டு, குழாயில் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். கொடியின் நுனிகளை நகத்தால் கிள்ளுவார். வேரைத் தொட மாட்டார். "வேர புடுங்குனா அடுத்த மாசம் நான் வந்து இன்னா பண்றது?" என்பார். நாய் போகிற இடம், சாக்கடை ஓரம், மருந்தடித்த இடம் எதிலும் பறிக்க மாட்டார். ஐந்து நிமிடம் முடியும்போது ஒரு பிடி கீரையோடு திரும்பி வந்து, பாதியை எங்கள் சமையல் மேடையில் வைப்பார், பாதியை மஞ்சப்பையில் போட்டுக்கொள்வார். அடுத்து எந்த வீட்டில் கொடி இல்லையோ அந்த வீட்டுக்கு அது. அவர் போன வீட்டில் ரத்தம் குறைந்திருக்கும், கீரை கூடியிருக்கும்.

எப்படிச் சமைப்பது என்று அவரே சொன்னார். பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு சூப் வைக்கலாம். அடை மாவில் கிள்ளிப் போடலாம். நான் அடையில்தான் ஆரம்பித்தேன். லேசான மண்வாசனை, மற்றபடி முருங்கைக்கீரைக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம்.

"இது எதுக்கு நல்லதுண்ணா?" என்று கேட்டேன்.

"வவுறு சரியா போவும். நீரு நல்லா பிரியும். கால் வீக்கம் வாங்கும்னு சொல்லுவாங்கோ. வாய்க்கு நல்லா கீது. அவ்ளோதான் டீச்சர். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

இந்த 'அவ்ளோதான்' அவரிடம் எனக்குப் பிடித்த சொல். ஊரே கீரைக்கு நோய் தீர்க்கும் பட்டியல் வாசித்துக்கொண்டிருக்கிற காலத்தில், கையில் கீரையை வைத்துக்கொண்டு இவ்வளவு கஞ்சத்தனமாகப் புகழ்ந்த மனிதர் அவர் ஒருவர்தான். பேங்க் மேனேஜர் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இதைச் சாப்பிட்டா சுகர் குறையுமாப்பா?" என்று கேட்டார்.

"கொறைஞ்சா ரிப்போர்ட்ல வரும் சார். நான்தானே எடுத்தாந்து தரப்போறேன்," என்றார் அவர்.

எனக்கு நாள் முழுக்க நின்று பாடம் நடத்திக் கால் வீங்கும். காலாண்டு விடுமுறையில் பத்து நாள் தொடர்ந்து மூக்கிரட்டை சாப்பிட்டேன், வீக்கம் வடிந்துவிட்டது. சந்தோஷமாக அவரிடம் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "லீவுல கால நீட்டிக்கினு ஒக்காந்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப லீவுக்கும் பாதி மார்க்கு குடு டீச்சர்." கணக்கு டீச்சருக்கே மார்க் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை எனக்கு ஆர்வம் முற்றிப்போய், பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நானே ஒரு பை நிறையப் பறித்து வந்து கூட்டு வைத்தேன். மறுநாள் எனக்கும் என் கணவருக்கும் பாத்ரூம் வாசலில் வரிசை. மூன்றாம் நாள் அவர் ரத்தம் எடுக்க வந்தபோது குப்பைக்கூடையில் கிடந்த தண்டைப் பார்த்துவிட்டார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"இது சாரணை டீச்சர். பாக்க அண்ணன் தம்பி மாதிரி கீதுல்ல? எளசுல ஒண்ணும் பண்ணாது, முத்திப்போனா பேஜார் பண்ணிடும். பூவ பாரு. மூக்கிரட்டை பூவக் கைய நீட்டிக் காட்டும். இது எலைக்கும் தண்டுக்கும் நடுவுல, அக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கும்."

அன்றிலிருந்து நான் தவறு செய்ததில்லை. தெருவில் நடக்கும்போது எந்தக் கொடியைப் பார்த்தாலும் அதன் அக்குளைத்தான் முதலில் பார்ப்பேன்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் பழைய சொத்து. அது மெல்ல மெல்லச் சிறுநீரகத்துக்குப் போனது. ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் என்ற எண் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறுவதை எங்களுக்கு முன்னால் பார்த்தவர் அவர். ஒரு மாசி மாதக் காலையில் பஞ்சை அழுத்தச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். கொழுந்து விட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் கொடி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமும் வெறுங்கை. அன்றைக்கு மேனேஜர் வீட்டுக்கு மட்டும் இரண்டு பிடி, அதுவும் எங்கள் தோட்டத்துக் கீரை. பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு போடாத மாதிரி எனக்குச் சுருக்கென்றது. கேட்டேவிட்டேன்.

"சாருக்கு இனிமே வேணாம் டீச்சர். பொட்டாசியம் ஏறிகினு கீது. கீரைலாம் கூடாது. கிட்னி டாக்டரா பாத்துக் காட்டு."

சரி என்றேன். காட்டவில்லை. காரணம் என் கணவர். அவருடைய அண்ணன் கடைசி மூன்று வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு, கை நரம்பெல்லாம் புடைத்துப் போய் இறந்தவர். கிட்னி டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே இவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். "அந்த மெஷின்ல என்னைக் கட்டிப் போட்டுடாத," என்று ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்கு அவரைக் காப்பாற்ற வேண்டும், அந்த மெஷின் இல்லாமல் காப்பாற்ற வேண்டும். இதைத் தவிர அந்த நாட்களில் என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் எங்கள் பள்ளி ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. மூக்கிரட்டை வேரை இடித்துக் கஷாயம் வைத்து நாற்பத்தெட்டு நாள் குடித்தால் செத்த கிட்னியும் உயிர் பெறும், மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், பலருக்கும் பகிரவும். கூப்பிய கைகள் மூன்று. கரும்பலகையில் ஒவ்வொரு வரிக்கும் 'இது எப்படி வந்தது?' என்று பிள்ளைகளைக் குடைகிறவள், இதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டு வாசலிலேயே மருந்தை முளைக்க வைத்துக் கடவுள் காட்டியிருக்கிறார் என்று அழுகை வந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது என் கணவருக்குக் கேட்காமல் தோட்டத்தில் நிறுத்திச் சொன்னேன். வேரைத் தோண்டித் தாருங்கள், உங்களுக்குத்தான் கை பழக்கம்.

"மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"சாரோட பொட்டாசியம் அஞ்சே முக்கால். இந்த வேர்ல அது ரொம்ப கீதுன்றாங்கோ. இன்னும் ஏறுச்சின்னா நெஞ்சு நின்னுடும். மாத்திரைய வேற நிறுத்தணும்ன்ற."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் தர மாட்டேன்றேன்."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். "அவருக்கு நல்லாயிட்டா உங்க லேபுக்கு டெஸ்ட் குறைஞ்சிடும், அதானே?" என்றேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிபார்த்தார். "நானே பிடுங்கிக்கிறேன். சனிக்கிழமை ஆரம்பிக்கிறேன்," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்தால் காம்பவுண்டு ஓரம் மொட்டையாக இருந்தது. கொடி இல்லை, வேரும் இல்லை. முழம் முழமாகக் குழி தோண்டி, பிறகு மண்ணைத் தள்ளி மூடிச் சமன் செய்திருந்தது. எதிரே இருந்த காலி மனையிலும் அப்படியே. என் கணவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பிளட் அண்ணா மத்தியானம் கடப்பாரையோட வந்தாரு. களை எடுக்கணும்னாரு. நீதான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தியே, சரின்னேன். ரெண்டு மணி நேரம் பாவம் வெயில்ல. மோர் கலந்து குடுத்தேன்."

உடனே போன் செய்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆமா, நான்தான் எடுத்தேன். சாருக்குக் குடுக்காத டீச்சர், செத்துப்பூடுவாரு," என்றார். நான் வைத்துவிட்டேன். சாவு என்ற சொல்லை என் வீட்டை நோக்கிச் சொல்லிவிட்டாரே என்றுதான் அப்போது கொதித்தது.

வீட்டு வேலைக்கு வரும் சரசுவிடம், உங்கள் இரும்புலியூர் பக்கம் கிடைத்தால் வேரோடு கொண்டு வா என்றேன். "எங்க ஏரியால எங்கியும் இல்லக்கா, வெயில்ல காஞ்சி போச்சி," என்றாள். மேனேஜர் வீட்டிலும் சிரித்து மழுப்பிவிட்டு இல்லை என்றார்கள். சித்திரை வெயில், நம்பினேன். மூக்கிரட்டை இல்லாவிட்டால் என்ன, சிறுநீரகத்துக்கு இளநீர் நல்லது என்று இன்னொரு செய்தி சொன்னது. தினமும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பரிசோதனை நிலையத்துக்கும் போன் செய்து, அந்த ஆளை இனி அனுப்பாதீர்கள், எங்களுக்கு டெஸ்ட்டே வேண்டாம் என்று சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் இளம்பெண் ஒருத்தி ஐஸ் பெட்டியோடு வந்து நின்றாள். மாதாந்திர டெஸ்ட் என்றாள். நாங்கள் கூப்பிடவில்லையே என்றேன். "லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு மேடம்," என்றாள். ஆளை மாற்றிவிட்டார்கள், என் புகாருக்கு மதிப்பு இருக்கிறது என்று ஒரு அற்பத் திருப்தி. அதற்குள் என் கணவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பதினொரு மணிக்குப் பள்ளியில் கோடைச் சிறப்பு வகுப்பில் இருந்தேன். போன் வந்தது. பொட்டாசியம் ஆறு புள்ளி நான்கு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். போனோம். மார்பில் கம்பிகளை ஒட்டி இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கிட்னி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னம்மா குடுத்தீங்க?"

இளநீரைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேற மூலிகை, கஷாயம் ஏதாவது?"

"இல்ல டாக்டர். குடுக்கலாம்னு தேடினேன். மூக்கிரட்டை. கிடைக்கல."

"நல்லா இருக்கிறவங்க சாப்பிட்டா அது நல்ல கீரைதாம்மா. இவருக்கு இளநீரோட அதுவும் சேர்ந்திருந்தா நீங்க இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டீங்க," என்றார் அவர்.

வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மனதுக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

என் கணவரை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாளே சரசு தானாக வந்து ஒப்புக்கொண்டாள். அவள் தெருவில் மூக்கிரட்டை மண்டிக்கிடக்கிறதாம். "அந்த அண்ணன்தான்க்கா சொல்லி வெச்சாரு. டீச்சர் கேட்டா இல்லன்னு சொல்லு, சாருக்கு ஆவாதுன்னு. தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னாரு." ஏழு வருடம் தெரு முழுக்கக் கீரை கொடுத்த மனிதர், வீடு வீடாகப் போய் ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

மேற்குத் தாம்பரத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். நிலையத்தின் மேனேஜர் ஒரு நடுத்தர வயதுப் பெண். என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன், அவரைப் பழையபடி எங்கள் பக்கமே போடுங்கள் என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க புகார்னால மாத்தல மேடம். நீங்க போன் பண்றதுக்கு முந்தின நாளே அவரா வந்து கேட்டாரு. 'நான் போனா டீச்சர் கோவத்துல டெஸ்ட்ட நிறுத்திடும். என் லைன வேற யாருக்காச்சும் குடு. அவங்க கூப்டலனாலும் மாசாமாசம் ஆள அனுப்பு'ன்னாரு. கோவிலம்பாக்கம் லைன்தான் காலியா இருந்துச்சு. அவரு வீடு திருநீர்மலைல. அங்கேர்ந்து காலைல ஆறு மணிக்குள்ள அங்க போகணும்னா கஷ்டம், யோசிங்கன்னு சொன்னேன். பரவால்லன்னுட்டாரு."

டெஸ்ட் குறைந்துவிடும் என்று பயமா என்று கேட்டேனே, அந்த டெஸ்ட் நிற்கக் கூடாது என்றுதான் அவர் தன் லைனை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

என் கணவருக்கு இன்றுவரை அந்த மெஷின் தேவைப்படவில்லை. ஒருநாள் தேவைப்படலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். பிளட் அண்ணா அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு மகளோடு கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பழைய எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். அவரோடு நான் கடைசியாகப் போனில் பேசியது அன்றைக்குத்தான், அந்த நிலையத்தின் வாசலில், பஸ் இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு.

"இன்னா டீச்சர்? சார் எப்டி கீறாரு?"

"வீட்டுக்கு வந்துட்டார்ணா. நாலு புள்ளி ஒன்பதுக்கு இறங்கிடுச்சு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். திரும்பி வாருங்கள் என்றேன். "அந்தப் பொண்ணு கை நல்ல கை டீச்சர், வலிக்காம குத்தும். மாத்தாத," என்றார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தாங்க முடியாமல், கொஞ்சம் குற்றம்சாட்டுகிற குரலில்கூட, கேட்டேன்.

"இவ்வளவும் பண்ணதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா?"

"சொன்னேனே டீச்சர்," என்றார். "மூணு வாட்டி சொன்னேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. நான் நின்ற இடத்திலேயே நினைத்து நினைத்து எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவை சொல்லியிருந்தார்.